எலுமிச்சைச் சாற்றுக்கு ஈடு கொடுத்த சிங்க்

1. உப்பில் இல்லாத கல்

ஈஸ்வரி அக்கா வீட்டு அடுக்களைக்குள் நான் முதன்முதலில் நுழைந்த அன்று அங்கே சமையல் நடக்கவில்லை. மூன்று பெண்கள் தரையில் உட்கார்ந்து, முறத்தில் உப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அரிசியில் கல் பொறுக்கிப் பார்த்திருக்கிறேன். உப்பில் பொறுக்கி அன்றுதான் பார்த்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, சங்கரன்கோவிலில் வேலாயுதம் அண்ணாச்சி என்ற கட்டட கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்த புதிது. புது வீட்டு வேலைகளை அண்ணாச்சியே பார்த்துக்கொள்வார். பழைய வீட்டை இடித்துத் திருத்துகிற வேலைகளுக்கு என்னை அனுப்புவார். அவற்றில் தூசி அதிகம், பேர் கிடைப்பது குறைவு.

ஈஸ்வரி அக்கா வீட்டில் முதல் கட்ட வேலை முந்தின வருஷமே முடிந்திருந்தது. விறகடுப்பை எடுத்துவிட்டு, நின்று சமைக்கும் மேடையும், மேடையின் ஓரத்தில் பாத்திரம் கழுவ அகலமான மொசைக் சிங்க்கும் அண்ணாச்சியே முன்னின்று போட்டுக் கொடுத்திருந்தார். இப்போது மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்க வேண்டும். அதற்கு அளவெடுக்கப் போனவன்தான் நான்.

அக்காவின் வீட்டுக்காரர் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் தரகர். விலை போகாத சிறு காய்களும் அடிபட்ட பழங்களும் சாக்கில் வீட்டுக்கு வந்துவிடும். வீணாகப் போகிறதே என்று அக்கா ஊறுகாய் போட ஆரம்பித்தார். சில வருஷங்களில் திருநெல்வேலியில் நாலு ஓட்டல்களுக்கு அவர் ஊறுகாய்தான் என்று ஆகிவிட்டது. அந்த நாலில் பெரியது முத்தையா முதலாளியின் ஓட்டல். அக்கா போடுகிற ஊறுகாயில் சரிபாதி அங்கேதான் போகும். அது நின்றால் வேலைக்கு வரும் இரண்டு பெண்களையும் நிறுத்த வேண்டியதுதான்.

அந்த முத்தையா முதலாளி தம் ஓட்டலிலேயே உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டபோது, ஊறுகாயில் கிடந்த கல்லைக் கடித்து, கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு தெறித்துவிட்டது. அவர் சொல்லி அனுப்பிய செய்தி இதுதான்: ஆடித் தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் வருவார். வந்து அடுக்களையைப் பார்ப்பார். அங்கேயே அந்த ஊறுகாயைச் சாப்பிட்டும் பார்ப்பார். அதன்பிறகுதான் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லுவார்.

"உப்புக்கடைக்காரன் பண்ணுத வேலை தம்பி" என்றார் அக்கா. "மூணு கடை மாத்தியாச்சு. மூணு கடை உப்பும் பொறுக்கியாச்சு. கல்லு வந்துக்கிட்டேதான் இருக்கு."

"அந்தக் கல்லு ஏதும் வச்சிருக்கியளாக்கா?"

அஞ்சறைப் பெட்டியில் ஒரு அறையைத் திறந்து காட்டினார். கடுகு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கற்கள். எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவது என் பழக்கம். அதற்கு மருந்து கிடையாது. ஒன்பது கல். ஒன்பதில் ஏழுக்கு ஒரு பக்கம் மட்டும் மழமழவென்று இருந்தது. உப்பளத்தில் கிடக்கிற கல்லுக்கு யார் பாலிஷ் போடப் போகிறார்கள்?

எழுந்துபோய் சிங்க்குக்குள் தலையை விட்டேன்.

"என்ன தம்பி, சன்னலு மேலல்லா வரணும். தொட்டிக்குள்ள என்ன தேடுதிய?"

"குழி எண்ணுதேன்க்கா."

"எண்ணி?"

"அறுபத்து மூணு வருது. உங்க கல்லு உப்புல இருந்து வரல. இங்க இருந்துதான் வருது."

மொசைக் என்பது வெள்ளை சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து போட்டு, காய்ந்த பிறகு தேய்த்துப் பாலிஷ் போடுவது. பாலிஷ் ஏறிய பக்கம் மேலே தெரியும், மற்ற பக்கங்கள் சிமெண்டுக்குள் இருக்கும். ஏழு கல்லுக்கு ஒரு முகம் மட்டும் மழமழப்பாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ஒரு வருஷத்தில் அவை ஏன் கழன்றன என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இந்தத் தொட்டியில் என்னென்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

அக்கா மறைக்காமல் சொன்னார். முன்பெல்லாம் நறுக்கிய காயை மண்சட்டிகளில் பிரித்துப் போட்டு உப்பில் புரட்டுவார்களாம். சட்டிக்குச் சட்டி உப்பு கூடும், குறையும். மொசைக் தொட்டி அகலமாக, வாட்டமாக இருந்தது. துவாரத்தை அடைத்துவிட்டால் ஒரு சாக்குக் காயை ஒரே தடவையில் புரட்டிவிடலாம். மறுநாள் காலை வரை அப்படியே கிடக்கும். பிறகு ஜாடிக்கு மாற்றுவார்கள்.

2. அண்ணாச்சி காது கொடுத்தது

சாயங்காலம் வேலாயுதம் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"ஏலே நாயகம், சன்னல அளந்துட்டு வான்னு அனுப்பினா, தொட்டிய அளந்துட்டு வந்திருக்கே."

"அண்ணாச்சி, மொசைக் கரையுது."

"கரையுதா? அது என்ன சீனியாலே? நான் போட்ட மொசைக்குல மாட்டு வண்டிய ஏத்தி இறக்கலாம்."

"நாங்க மாட்டு வண்டிய ஏத்தலியே அண்ணாச்சி" என்றார் ஈஸ்வரி அக்கா. "எலுமிச்சங்காயத்தான ஏத்துனோம்."

அண்ணாச்சிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "பாத்திரம் கழுவுத தொட்டில போயி ஊறுகா போடுவாளா யாராவது?"

"போடப்பிடாதுன்னு நீங்க சொல்லித் தந்தியளா?"

"நீங்க போடுவியன்னு நான் கனவா கண்டேன்?"

இந்த வாக்குவாதம் இப்போதைக்கு முடியாது என்று தெரிந்தது. நான் ஒரு பழத்தை அறுத்து, சிங்க்கின் ஓரத்தில், இன்னும் பாலிஷ் போகாத ஓர் இடத்தில் பிழிந்தேன். சாறு பரவிய இடத்தில் ஊசிமுனை அளவுக்குக் கொப்புளங்கள் எழும்பின.

"அண்ணாச்சி, குனிஞ்சு காதக் கொடுங்க."

"தொட்டிகிட்ட காதக் கொடுக்கவா?"

"ஒரு நிமிஷம்."

அண்ணாச்சி துண்டை எடுத்துத் தோளில் ஒதுக்கிவிட்டுக் குனிந்தார். ஆறடி மனிதர். மீசை சிங்க்கில் பட்டது. நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"சொறுசொறுங்குது."

"சலவைக்கல்லும் சுண்ணாம்பு வர்க்கம். சிமெண்டுலயும் சுண்ணாம்பு இருக்கு. புளிப்பு பட்டா அரிக்கும். தண்ணி பட்டா ஒண்ணும் செய்யாது. இங்க வாரத்துக்கு ரெண்டு நாள் புளிப்பும் உப்பும் ஊறிக் கெடக்கு."

அண்ணாச்சி என்னை வெளியே முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். "இத வெளிய சொல்லாத. ஊருக்குள்ள நான் போட்ட மொசைக் தொட்டி எத்தன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"பதினேழு அண்ணாச்சி."

"அதையும் எண்ணி வச்சிருக்கியாலே."

துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு உள்ளே போய், தொட்டியை மாற்றித் தருகிறேன் என்று அக்காவிடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அந்த நேர்மை அவரிடம் உண்டு. வெளியே வந்து என்னிடம் சொன்னது வேறு.

"கண்டுபிடிச்சது நீ. மாத்துததும் நீ. எதப் போடுவியோ தெரியாது. இனிமே அந்த ஊறுகால கல்லு வந்துச்சுன்னா, டிப்ளமாவ மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு பஸ் ஏறிரு."

ஆடித் தபசுக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது. ஊறுகாய் ஊற வேண்டிய நாளைக் கழித்தால் ஆனி முடிவதற்குள் புதுத் தொட்டியில் காய் விழுந்தாக வேண்டும்.

3. மூன்று ஜாடிகள்

என்ன சிங்க் போடலாம் என்பதில் ஆளுக்கு ஒரு யோசனை இருந்தது.

அண்ணாச்சி கடப்பாக் கல் என்றார். "கறுப்பா, கெட்டியா, ஊரே போடுது. அஞ்சு பலகைய ஒட்டினா தொட்டி."

அக்காவின் வீட்டுக்காரர் மதுரையில் தங்கிய லாட்ஜில் எவர்சில்வர் தொட்டி பார்த்திருந்தார். "முகம் தெரியும் தம்பி, அப்படி ஒரு பளபளப்பு."

"முகம் பாக்கத்தான் கண்ணாடி இருக்கே" என்றார் அக்கா. "காய் நறுக்குதவ முகத்த யாரு பாக்கப் போறா?"

பஜாரில் சானிட்டரி சாமான் விற்கிற கடைக்காரர் வெள்ளைப் பீங்கான் சிங்க்கைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் இருப்பது போன்றது. திராவகம் ஊற்றினாலும் கேட்காது என்றார்.

நான் மூன்றிலும் ஒரு துண்டு கேட்டேன். கடப்பாத் துண்டுக்குப் பஞ்சமில்லை. எவர்சில்வர் தொட்டியில் துவாரம் வெட்டும்போது விழுகிற வட்டத் தகடு ஒன்று லேத் பட்டறையில் கிடைத்தது. லாரியில் வந்து இறங்கும்போது உடைந்துபோன சிங்க்கில் ஒரு கைப்பிடி அளவு பீங்கானைக் கடைக்காரர் கொடுத்தார். மூன்றையும் மூன்று ஊறுகாய் ஜாடிகளில் போட்டு, எலுமிச்சைச் சாறும் கல் உப்பும் முங்க ஊற்றி, அக்கா வீட்டு அலமாரியில் வரிசையாக வைத்தேன்.

கடப்பா அன்றைக்கே கொப்புளம் விட்டது. அதுவும் சுண்ணாம்பு வர்க்கம்தான், நிறம்தான் கறுப்பு. நாலைந்து நாளில் வெளுத்துச் சாம்பல் பூத்துவிட்டது. நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது. அண்ணாச்சியிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்ல கடப்பா இல்லலே" என்றார்.

எவர்சில்வர் முதல் வாரம் அசையவில்லை. இரண்டாம் வாரம் தகட்டில் பழுப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். துணியால் துடைத்தால் புள்ளி போய்விட்டது, புள்ளி இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. இதைப் படிக்கும் இளைஞர்கள் எவர்சில்வரே ஆகாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நல்ல ரகம் வேறு. அன்று எங்கள் பஜாருக்கு வந்த மெல்லிய தகடு என்ன ரகம் என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. தெரியாத ரகத்தை நம்பி நான் பஸ் ஏற முடியாது.

பீங்கான் ஜெயித்தது. மூன்று வாரம் கழித்து எடுத்துக் கழுவினால் போட்டபோது இருந்த வெள்ளை அப்படியே இருந்தது. சந்தோஷமாக அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை மேடையில் வைத்து, எண்ணெய் காய்ச்சுகிற இரும்புச் சட்டியின் கரண்டியை எடுத்து, ஒரு முழ உயரத்திலிருந்து அதன் மேல் போட்டார். பெரிதாக ஒன்றும் உடையவில்லை. ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒரு சில்லு மட்டும் எகிறி எங்கேயோ போய் விழுந்தது. நாங்கள் நாலு பேரும் தேடினோம். அகப்படவில்லை.

"தம்பி, கல்லாவது கண்ணுக்குத் தெரிஞ்சுது" என்றார் அக்கா. "இது ஊறுகாய்க்குள்ள விழுந்தா தெரியுமா? முத்தையா முதலாளிக்குப் பல்லுதான் போச்சு. இதுல வயிறே போயிரும்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மூன்று வாரத்தையும் தின்றுவிட்டு மூன்று ஜாடியும் கைவிரித்துவிட்டன. ஜாடிகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்காவோ சட்னிக்கு மிளகாயும் புளியும் உப்பும் வைத்து அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துக் கோபமாகத்தான் சொன்னார்.

"எல்லாரும் கடையில இருக்கதையே பாக்கிய. இந்த அம்மி என் கல்யாணத்துக்கு வந்தது. தெனமும் புளியும் உப்பும்தான் தின்னுது. இதுக்கு என்ன ஆச்சு?"

நான் கையில் இருந்த ஜாடியைக் கீழே வைத்தேன்.

4. சிவகிரியிலிருந்து வந்தது

கருங்கல்லில் ஒரு துண்டை ஜாடியில் போட்டுப் பார்த்தேன். போடாமல் இருக்க என்னால் முடியாது. இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாறுதான் கெட்டுப்போயிருந்தது.

ஆனால் கருங்கல் சிங்க் என்று எந்தக் கடையிலும் கிடையாது. அதற்குள் நான் சிவகிரிப் பக்கம் மலையடிவாரத்தில் அம்மியும் ஆட்டுரலும் கொத்துகிற மாடசாமி என்பவரைப் பார்த்துவிட்டேன். வாய் ஓயாத மனிதர். நான் நீட்டிய டிராயிங்கைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"என்ன சார் இது, ஆட்டுரலா, பெட்டியா?"

"தொட்டி. ஒரே கல்லுல. மூணு அடி நீளம், ஒன்றரை அடி அகலம். அடியில துவாரத்தப் பாத்து வாட்டம் இருக்கணும்."

"மாட்டுக்குத் தண்ணி காட்டவா?"

"மனுசங்க சமைக்க."

"எந்த ஊரு மனுசங்க?"

ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். அவர் குடைந்து முடித்துவிட்டுக் கடைசியில் துவாரம் போடுவதாகச் சொன்னார். துவாரத்தை முதலில் போடும் என்றேன். துவாரம் போடும்போது விரிசல் விழுந்தால் அப்போது ஒரு கல்தான் நஷ்டம். கடைசியில் விழுந்தால் இருபது நாள் உழைப்பும் சேர்ந்து போகும். "நல்லாத்தான் பயப்படுதீரு" என்று சொல்லிவிட்டு அப்படியே செய்தார்.

மேடையின் ஓரத்தில் மொசைக் தொட்டியை உடைத்து எடுத்துவிட்டு, கீழே செங்கலில் இரண்டு தூண் கட்டினேன். நூற்று முப்பது கிலோ தாங்க வேண்டும். கழிவுக் குழாயைப் பி.வி.சி.யில் மாற்றினேன். டிராக்டரில் மாடசாமியோடு கல் வந்து சேர்ந்தபோது ஆனி முடிய பத்து நாள் இருந்தது. ஆறு பேர் கயிறு கட்டித் தூக்கி வைத்தார்கள். தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடத் தேங்காமல் துவாரத்தைப் பார்த்து ஓடியது. நான் மூச்சு விட்டேன். பிறகு உள்ளே கையை வைத்தேன்.

உள்பக்கம் முழுவதும் உளியால் கொத்தியிருந்தது. ஆட்டுரலுக்குக் கொத்துவது போல, நெருக்கமாக, வரிசை வரிசையாக. எண்ண ஆரம்பித்து, ஒரு சாண் இடத்துக்குள் முந்நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

"மாடசாமி, இத எதுக்குக் கொத்தினீரு?"

"கொத்தாம?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "கொத்தி முடிச்சாத்தான சார் வேல முடிஞ்சதா அர்த்தம்? சும்மா வழவழன்னு குடுத்தா, மாடசாமி பாதியில விட்டுட்டு ஓடிட்டான்னு ஊரு பேசும். பாரும், ஒரு புள்ளிமேல இன்னொரு புள்ளி விழுந்திருக்கா?"

விழவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். அதுதான் தலைவலி.

ஈஸ்வரி அக்கா ஒரு விரலை உள்ளே வைத்துத் தேய்த்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். விரல் நுனியில் கல் பொடி மினுங்கியது.

"தம்பி, அம்மி கொத்தினா மொத நாலஞ்சு தடவ அரைக்கதத் தூரத்தான கொட்டுவோம்? கல்லு உதிருமே."

கொத்திய கல் உதிரும். இந்த ஊரில் அம்மி வைத்திருக்கும் எல்லோருக்கும் அது தெரியும். ஊறுகாயில் கல் விழக் கூடாது என்று ஒன்றரை மாதமாக அலைந்து, கடைசியில் கல் உதிரும் தொட்டி ஒன்றை ஆறு பேர் சுமந்து வந்து வைத்திருக்கிறோம்.

5. தேய்ப்பு

கருங்கல்லைத் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும். அதற்குக் கார்போரண்டம் கல் வேண்டும், அதைப் பிடித்துத் தேய்க்கத் தெரிந்த கை வேண்டும். இரண்டும் இருந்தது வேலாயுதம் அண்ணாச்சியிடம். அவருடைய மொசைக் பாலிஷ் ஆட்கள் அப்போது ஒரு ரைஸ்மில்காரர் வீட்டு ஹாலில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கருங்கல்ல தேய்க்கவா?" என்றார் அண்ணாச்சி. "கல்லு தேயாதுலே. என் கார்போரண்டம்தான் தேயும். ஆள் தர முடியாது. போ."

போகிறவன் போலத் திரும்பி, வாசல்படியில் நின்று சொன்னேன். "மாடசாமி அப்பவே சொன்னாரு அண்ணாச்சி."

"என்ன சொன்னான்?"

"கான்ட்ராக்டர் ஆளுங்க சிமெண்டத்தான் தேய்ப்பாங்க, கல்லு அவங்களுக்கு மசியாதுன்னு."

மாடசாமி உண்மையிலேயே அப்படிச் சொல்லியிருந்தார். சொன்னதை நான் சரியான இடத்தில் சேர்த்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை மூன்று பாலிஷ் ஆட்களோடு அண்ணாச்சியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மாடசாமியும் தன் கொத்து அழிவதைப் பார்க்க வந்துவிட்டார். முதலில் முரட்டு நம்பர் கல், தண்ணீர் விட்டு விட்டு. பிறகு அதைவிட மென்மையானது. இரண்டு நாளைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

"தேயுதா அண்ணாச்சி?" என்று மாடசாமி கேட்டார்.

"உன் வாயி தேயுதான்னு பாரு வே."

"என் கொத்து அம்புட்டு லேசுல போவாது."

"போவாட்டி உன்னையே உள்ள போட்டுத் தேய்ச்சிருவேன்."

மூன்றாம் நாள் மதியம் ஒரு மூலை வழுக்கியது. அண்ணாச்சி அந்த இடத்தை விட்டு நகரவில்லை. விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அதன்பிறகு அவரே ஒரு கல்லை எடுத்துக்கொண்டு தேய்க்க உட்கார்ந்துவிட்டார். மாடசாமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "அந்த மூலைல கை எட்டாது, நகரும்" என்று சொல்லிவிட்டு அவரும் ஒரு கல்லை எடுத்தார்.

எட்டு நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கழுவிவிட்டு, நனைத்த வெள்ளைத் துணியால் உள்ளே முழுவதும் துடைத்து, வெயிலில் விரித்துப் பார்ப்பேன். முதல் நாள் துணி சாம்பல் நிறமாக வந்தது. ஏழாம் நாள் இரண்டு பொடி இருந்தது. எட்டாம் நாள் ஒன்றும் இல்லை. நம்பாமல் இரண்டாம் முறை துடைத்தேன். இல்லை. மூன்றாம் முறைக்கு அக்கா துணியைப் பிடுங்கிக்கொண்டார்.

"போதும் தம்பி. துணி கிழிஞ்சுரும்."

ஆனி மாதத்தின் கடைசி நாளைக்கு முந்தின நாள், ஒரு சாக்குக் காய் நறுக்கி, துவாரத்தை அடைத்து, கருங்கல் தொட்டியில் உப்போடு புரட்டினார்கள்.

6. தயிர்ச்சோறு

ஆடித் தபசு அன்று ஊரில் கால் வைக்க இடம் இல்லை. முத்தையா முதலாளி கோவிலிலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு நேராக வந்தார். கனத்த உடம்பு, மெல்லிய குரல். யாரிடமும் அதிகம் பேசவில்லை. அடுக்களைக்குள் போய், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தொட்டிக்குள் நாலு பக்கமும் அடியிலும் உள்ளங்கையால் தடவினார். துவாரத்தின் விளிம்பில் விரலைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "சாப்பிடலாம்" என்றார்.

இலை போட்டார்கள். தயிர்ச்சோறு, ஊறுகாய். வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி கதவோரம் நின்றார். அவருக்குப் பின்னால் மாடசாமி. நான் ஜன்னல் பக்கம். அந்த ஜன்னலையும் இதற்கு நடுவில் ஒரு வழியாக வைத்து முடித்திருந்தேன்.

முதல் இரண்டு வாய் ஊறுகாய் இல்லாமலே சாப்பிட்டார். பிறகு ஒரு பெரிய துண்டை எடுத்து, இடது பக்கம் போடாமல், வலது பக்கம், சில்லு தெறித்த அந்தப் பல்லுக்கே கொண்டுபோனார். மெதுவாகத்தான் மென்றார். நான் எண்ணினேன். பதினாலு. ஈஸ்வரி அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

முதலாளி விழுங்கினார். இலையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் வையுங்க தாயி."

அக்கா ஜாடியோடு வந்தார். அவசர அவசரமாக அள்ளியதில் கரண்டி ஜாடியில் இடித்துக்கொண்டே இருந்தது. முதலாளி அந்தச் சத்தத்தைக் கேட்டு முதல் தடவையாகச் சிரித்தார். "ஏன் பயப்படுதிய? பல்லு போனது எனக்குல்லா" என்றார். மூன்றாவது தடவையும் ஊறுகாய் வாங்கிச் சாப்பிட்டு, இலையை மடித்த பிறகு, மாதம் ஆறு ஜாடிக்குப் பதில் இனிமேல் பத்து ஜாடி அனுப்பச் சொன்னார்.

கை கழுவிவிட்டு வரும்போது தொட்டியை இன்னொரு தரம் பார்த்தார். "இது எங்க கெடைக்கும்? எனக்கு ரெண்டு வேணும்."

கதவோரம் நின்ற வேலாயுதம் அண்ணாச்சி ஒரு அடி முன்னால் வந்தார். "நம்ம ஏற்பாடுதான் முதலாளி. எலுமிச்சங்கா போடுத எடத்துக்குக் கருங்கல்லுதான் தாங்கும்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

"ஆமா" என்றார் ஈஸ்வரி அக்கா. "கடப்பாக் கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டுச் சொன்னாரு."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். மற்ற எல்லோரும் சிரித்தார்கள். மாடசாமி நிறுத்தாமல் சிரித்தார். அண்ணாச்சி என் பிடரியில் கையை வைத்து, முதலாளியின் முன்னால் தள்ளினார்.

"இந்தப் பயதான் முதலாளி போட்டான். எண்ணி எண்ணியே எங்க உசிர வாங்கிட்டான். உங்க ஓட்டலுக்கும் இவனே வருவான்."

என்னைப் பஸ் ஏற்றிவிடுவதாகச் சொன்ன மனிதர் அவர். மறு வாரம் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன்தான், அளவெடுக்கும் டேப்போடு. அதன்பிறகு அந்தத் தொழிலில் இருந்த வருஷங்களில் நாற்பத்தொரு கருங்கல் தொட்டி போட்டேன். ஒன்றிலும் கல் உதிரவில்லை. மாடசாமி கொத்தாமல் கொடுக்கப் பழகிக்கொண்டார், முணுமுணுத்துக்கொண்டே.

7. இளைஞர்களுக்கு

மொசைக் மோசம் என்பது இதன் பாடம் இல்லை. அண்ணாச்சி போட்ட மற்ற பதினாறு மொசைக் தொட்டிகளையும் நான் வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். கவலை விடவில்லை. எல்லாம் நன்றாகவே இருந்தன. அந்த வீடுகளில் பாத்திரம்தான் கழுவினார்கள். பீங்கானும் எவர்சில்வரும் கடப்பாவும்கூட அவற்றுக்கு ஏற்ற இடத்தில் உழைக்கும். உழைக்காத பொருள் என்று ஒன்றைக் காட்டுவது கடினம். இடம் மாறிப் போன பொருள்தான் அதிகம்.

ஆகவே, வீட்டைத் திருத்துகிறோம், அடுக்களைக்கு எந்த சிங்க் போடலாம் என்று யார் வந்து கேட்டாலும், கல்லா உலோகமா என்று நான் பேச்சை ஆரம்பித்ததில்லை. "உங்க வீட்ல அதுக்குள்ள என்னென்ன விழும்?" என்றுதான் கேட்பேன். கேட்டு வருகிறவர் பெரும்பாலும் ஆண். தலையைச் சொறிவார். உட்கார வைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குப் போய் அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வேன்.